ஆறாவது சிலிண்டரின் வயர்

வண்டியில் ஸ்கேனரைச் செருகினால் பி3441 என்று வருகிறது. பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினில் சில சிலிண்டர்களை நடுநடுவே அணைத்துவைக்கும் அமைப்பில் கோளாறு என்று சொல்லும் கோடு (code) அது. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இதற்கென்று ஒரு கைவைத்தியம் உண்டு. எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்று, அடியில் இருக்கிற சொலினாய்டு அசெம்பிளியை, அதாவது கரண்ட் கொடுத்தால் ஆயில் வழியைத் திறக்கும் மின்காந்த வால்வுகளின் தொகுதியை, தூக்கிப் போடு, வேறு ஒன்றை மாட்டு, அந்தக் கோளாறுக் கோடை அழி, காசை வாங்கு. பல நேரம் இது பலிக்கவும் செய்யும், அதுதான் தொல்லையே. பத்துப் பேருக்குப் பலித்த மருந்தைப் பதினோராவது ஆளுக்குக் கொடுக்கும்போது யாரும் நாடி பிடித்துப் பார்ப்பதில்லை.

அந்தப் பதினோராவது ஆளாக என்னிடம் வந்தது எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் வைத்த ஒரு அமெரிக்க பிக்கப். பெயர் வேண்டாம், இந்தக் கதைக்கு அது தேவையும் இல்லை. வண்டிக்காரர் நம் ஊர்க்காரர், திருநெல்வேலிப் பக்கம், கட்டட வேலை காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர். ஷார்ஜாவிலிருந்து ஃபுஜைராவுக்கு அடிக்கடி போய்வருவார். காலையில் கிளம்பும்போது ஒன்றும் இருக்காது, மலைப்பாதை ஏறி இறங்கி நல்ல வெயிலில் திரும்பும்போது செக் எஞ்சின் லைட் எரியும். வேறொரு கராஜில் சொலினாய்டு அசெம்பிளியை மாற்றியாயிற்று. பழைய பார்ட்ஸ் விற்கும் கடைத்தெரு இங்கேயே இருப்பதால் செகண்ட் ஹேண்டில் வாங்கிக்கொடுத்திருக்கிறார். மாற்றிய பிறகும் அதே கோடு. "அண்ணே, வாங்கினதும் பழசு, அதுவும் போயிருக்கும்போல. புதுசே வாங்கிடலாமா?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். புதுசுக்கு என்ன விலை என்று விசாரித்துவிட்டு வந்திருந்தார், பாவம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். பெரிய வி8 எஞ்சினுக்கு, ஹைவேயில் சமமான ரோட்டில் நிதானமாகப் போகும்போது தேவைப்படும் பவர் ரொம்பக் குறைவு. அப்போது காற்று வரும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பெரும்பகுதி மூடித்தான் இருக்கும். எட்டு பிஸ்டனும் அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கப் பாடுபடும், அந்தப் பாட்டுக்கே பெட்ரோல் போகும். நாலு சிலிண்டரை நிறுத்திவிட்டால் மிச்ச நாலும் கூடுதல் வேலை செய்ய வேண்டும், அதற்கு த்ராட்டில் அகலத் திறக்கும், இழுக்கிற பாடு குறையும், பெட்ரோல் மிச்சமாகும். நிறுத்துவது என்றால் பெட்ரோலை மட்டும் நிறுத்துவதில்லை, வால்வுகளையும் மூடியே வைக்க வேண்டும். சொலினாய்டு திறந்தால் எஞ்சின் ஆயில் பிரஷரோடு போய், கேமின் அசைவை புஷ்ராடு என்ற கம்பி வழியாக வால்வுக்குக் கடத்தும் லிஃப்டருக்குள் இருக்கிற சின்னப் பின்களைத் தள்ளும். பின் விலகியதும் லிஃப்டர் தனக்குள்ளேயே அமுங்கிக்கொள்ளும், கேம் பாட்டுக்குச் சுற்றும், புஷ்ராடு அசையாது, வால்வு திறக்காது. உள்ளே அடைபட்ட வாயு ஸ்பிரிங் மாதிரி அமுங்கி அமுங்கி விரியும், அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வி8-இன் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரிகிற வரிசை, 1-8-7-2-6-5-4-3. கிரைஸ்லரின் ஹெமி வி8-இல் 1-8-4-3-6-5-7-2. இரண்டும் வேறு வேறு வரிசை. ஆனால் இரண்டிலும் ஒன்றுவிட்டு ஒன்றாக நிறுத்திக்கொண்டே போனால் கிடைப்பது அதே 1, 4, 6, 7. அதனால்தான் இரண்டு கம்பெனி வண்டியிலும் அணைகிற சிலிண்டர்கள் இந்த நாலுதான். ஜிஎம்மின் 2019 மாடலிலிருந்து வந்த சில எஞ்சின்களில் எட்டு சிலிண்டரையுமே தனித்தனியாக அணைக்க முடியும், 17 விதமாக மாற்றி மாற்றி ஓட்டும் என்கிறார்கள். அதில் வயர் எத்தனை என்று நினைத்தாலே எங்கள் தொழிலுக்கு எதிர்காலம் இருக்கிறது என்று தோன்றுகிறது.

இந்த யோசனை ஒன்றும் புதுசில்லை. 1981-இல் காடிலாக் வி8-6-4 என்று ஒன்று வந்தது. ஈட்டன் கம்பெனியின் அமைப்பு, தேவைக்குத் தக்கபடி எட்டு, ஆறு, நாலு சிலிண்டர்களில் ஓடும். யோசனை நல்லதுதான், அதை ஓட்டவேண்டிய அன்றைய கம்ப்யூட்டருக்குத்தான் அவ்வளவு வேகம் போதவில்லை. வண்டி குலுங்கியது, தடுமாறியது, கடைசியில் நிறையப் பேர் அதைத் துண்டித்துவிட்டு எட்டிலேயே ஓட்டினார்கள். பெரும்பாலான மாடல்களில் ஒரே வருடத்தோடு அந்த எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் 2004, 2005 வாக்கில்தான் கிரைஸ்லரும் ஜிஎம்மும் வி8-இல் மறுபடி இதைக் கொண்டுவந்தன. கம்ப்யூட்டர் இப்போது கில்லாடி. ஆனால் அது போடுகிற உத்தரவு சொலினாய்டுக்குப் போய்ச்சேர வேண்டியது அதே பழைய செம்பு வயர் வழியாகத்தான்.

சரி, கோடுக்கு வருவோம். 3401-இல் ஆரம்பிக்கும் இந்த வரிசையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் எட்டு எண் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் சிலிண்டருக்கு 3401, இரண்டாவதற்கு 3409, இப்படி எட்டெட்டாகக் கூட்டிக்கொண்டே போனால் நாலுக்கு 3425, ஆறுக்கு 3441, ஏழுக்கு 3449. ஆக பி3441 என்றால் ஆறாவது சிலிண்டரை அணைக்கும் கண்ட்ரோல் சர்க்யூட். சர்க்யூட் என்றுதான் இருக்கிறது, கவனியுங்கள். ஃபியூஸிலிருந்து கிளம்பி, சொலினாய்டுக்குள் செம்புக் கம்பி சுற்றிய காயிலுக்குள் புகுந்து வெளியே வந்து, எஞ்சின் கம்ப்யூட்டரான இசிஎம்மின் பின் வரைக்கும் போகிற முழுப் பாதையும் அதில் அடங்கும். காயில் அந்தப் பாதையில் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான்.

இசிஎம் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்த மாதிரி அமைப்பில் சாவி போட்டதும் நாலு சொலினாய்டுக்கும் பொதுவாக ஒரே 12 வோல்ட் சப்ளை போய்விடும். இசிஎம் செய்வது மறுமுனையை எர்த் ஆக்குவது மட்டும். எர்த் ஆக்காத நேரத்தில் காயில் வழியாக வந்த பேட்டரி வோல்ட்டேஜ் அந்த வயரில் அப்படியே நிற்க வேண்டும். எர்த் ஆக்கினால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவில்லையா, வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது அல்லது பாடியில் இடிக்கிறது. இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கவில்லையா, எங்கிருந்தோ பாசிட்டிவ் ஏறுகிறது. இசிஎம்முக்குத் தெரிவது அந்த ஒரு பின்னில் நிற்கிற வோல்ட்டேஜ் மட்டும். மேனிஃபோல்டுக்கு அடியில் காயில் எரிந்துபோனதா, வழியில் எலி கடித்ததா என்று அதற்குத் தெரியவே தெரியாது. நாம்தான் அதற்குத் தெரியாததை எல்லாம் அது சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம்.

இதிலிருந்தே இன்னொன்றும் வருகிறது. நாலு சிலிண்டருக்கும் சேர்ந்து கோடு வந்தால் பொதுவான இடத்தில்தான் கோளாறு. ஃபியூஸ், ரிலே, பொது சப்ளை வயர், மெயின் கனெக்டர், இவற்றைப் பார்க்காமல் மேனிஃபோல்டில் ஸ்பேனர் வைப்பது வீண். நாலு காயிலும் ஒரே நாளில் பேசிவைத்துக்கொண்டு போகாது. ஒரே ஒரு சிலிண்டருக்கு மட்டும் வந்தால் பொது சப்ளை நல்லா இருக்கிறது என்று அர்த்தம், அந்தக் காயில், அதன் தனி வயர், அதன் பின், அதை எர்த் ஆக்க இசிஎம்முக்குள் இருக்கும் ஸ்விட்ச் (டிரைவர் என்போம்), இவ்வளவுதான் பாக்கி. ஸ்கேனரைத் திரும்ப உறையில் வைப்பதற்கு முன்னாலேயே இவ்வளவு சுருக்கிவிடலாம்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சின்கள் என்றாலே லிஃப்டர் போகும் என்று ஒரு பேர் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் லிஃப்டர் போனால் வண்டி காட்டிக்கொடுத்துவிடும். டக் டக் என்று சத்தம் வரும், சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்று மிஸ்ஃபயர் கோடு வரும், ஐடிலில் ஆடும். வயர் கோளாறில் அப்படி ஒன்றும் இருக்காது. இசிஎம் கோடைப் போட்டுவிட்டு, அணைக்கிற வேலையையே ஓரம்கட்டிவிட்டு, எட்டு சிலிண்டரிலும் ஒழுங்காக ஓட்டும். பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், லைட் எரியும். "வண்டி நல்லாத்தாண்ணே ஓடுது, இந்த லைட்டு மட்டும்தான்" என்று இந்த ஆளும் சொன்னார். அந்த வார்த்தையே எனக்கு ஒரு ரீடிங் மாதிரி.

அவரிடம் நான் கேட்ட இன்னொரு கேள்வி, இதற்கு முன்னால் வண்டியில் என்ன பெரிய வேலை நடந்தது என்று. அவர் வாங்குவதற்கு முன்பே கியர்பாக்ஸை இறக்கி வேலை பார்த்திருக்கிறார்களாம், பில் கூட இருக்கிறதாம், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கியர்பாக்ஸ் இறக்கும்போது எஞ்சினுக்குப் பின்பக்கம், எஞ்சினையும் வண்டியின் உட்பக்கத்தையும் பிரிக்கும் ஃபயர்வால் ஓரமாக வயர்க்கட்டு, அதாவது வயரிங் ஹார்னஸ், போகும் பாதையில் கை வைத்தே ஆக வேண்டும். அந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டேன்.

முதலில் சாவியைப் போட்டு, இசிஎம் கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து நாலு கண்ட்ரோல் வயரிலும் வோல்ட்டேஜ் பார்த்தேன். நாலிலும் 12.4. நிறையப் பேர் இங்கே ஏமாறுவார்கள். கரண்ட் ஓடாதபோது பாதையில் எவ்வளவு துரு இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டேஜைக் காட்டத்தான் செய்யும், ஏனென்றால் மீட்டர் எடுத்துக்கொள்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை. அடுத்து பேட்டரியைக் கழற்றி, இசிஎம் கனெக்டரை உருவி, சொலினாய்டு ஃபியூஸின் வெளிப்பக்கத்துக்கும் நாலு கண்ட்ரோல் பின்களுக்கும் நடுவில் ஓம் பார்த்தேன். இந்த வண்டியில் இசிஎம் எஞ்சின் பேயிலேயே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, மேனிஃபோல்டைத் தொடவே வேண்டாம். ஒரே அளவில் காயிலும் அதன் முழு வயரும் சேர்ந்து வந்துவிடும். 13.4, 13.3, 13.5. ஆறாவது சிலிண்டருக்கு மட்டும் 14.6.

புத்தகத்தில் இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் இந்த 14.6 பாஸ். கராஜில் நிறையப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் ஒரே சூட்டில், ஒரே அசெம்பிளியில் இருக்கிற நாலு காயில்கள் ஒன்றுக்கொன்று இவ்வளவு தள்ளி நிற்காது. எனக்குப் புத்தக அளவைவிடப் பக்கத்தில் இருக்கிற மூன்று காயில்கள் சொல்வதில்தான் நம்பிக்கை அதிகம். சூட்டைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், செம்பு சூடானால் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் அதன் ரெசிஸ்டன்ஸ் கூடும். 25 டிகிரியில் 13 ஓம் காட்டும் காயில், எஞ்சின் ஓடிச் சூடாகி 105 டிகிரிக்குப் போனால் 17 ஓம் காட்டும். அது கோளாறு இல்லை, செம்பின் குணம். சூடான வண்டியில் அளந்துவிட்டு 17 வருகிறதே, காயில் போச்சு என்று மாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஓம் மீட்டரின் குறை வேறு ஒன்று. அது அனுப்பிப் பார்க்கிற கரண்ட் மில்லி ஆம்பியர் கணக்கில்தான். இந்த சொலினாய்டு வேலை செய்ய ஏறக்குறைய ஒரு ஆம்பியர் வேண்டும். அதனால் நிஜமான கரண்டை ஓடவிட்டே பார்க்க வேண்டும். பேட்டரியைத் திரும்ப மாட்டி, இக்னிஷன் ரிலேயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஃபியூஸ் வைத்த ஜம்பர் வயர் போட்டேன், சொலினாய்டுகளுக்கு சப்ளை வந்துவிட்டது. இசிஎம் கனெக்டர் கழற்றியே இருக்கிறது. இப்போது ஒவ்வொரு கண்ட்ரோல் பின்னையும் ஆம்பியர் மீட்டர் வழியாக எர்த் செய்தேன். இசிஎம் செய்கிற அதே வேலைதான், கையால் செய்கிறோம். ஒவ்வொரு முறையும் மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து டிக் என்று கேட்டது. 0.92, 0.93, 0.91. ஆறாவதுக்கும் டிக் கேட்டது, ஆனால் மீட்டர் 0.84-இல் ஆரம்பித்து 0.79-க்கு இறங்கி, மறுபடி 0.83-க்கு ஏறி, ஒரு நிலையில் நிற்கவே இல்லை. காயில் சூடானால் கரண்ட் மெல்ல மெல்ல ஒரே பக்கமாக இறங்கும். இப்படி ஏறி இறங்கி ஆடினால் அது காயில் இல்லை, ஏதோ ஒரு இணைப்பு.

கராஜ் பையனை மீட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் ஹார்னஸைப் பிடித்து ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டு போனேன். முன்பக்கம் ஒன்றுமில்லை. மேனிஃபோல்டு ஓரம் ஒன்றுமில்லை. ஃபயர்வால் பக்கம், கியர்பாக்ஸ் பெல் ஹவுசிங்குக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல் கை மட்டும் போகிற இடத்தில் லேசாக வளைத்தேன். "அண்ணே, அரைக்கு வந்துருச்சு" என்றான். விட்டதும் ஏறியது. ஹீட் கன்னை எடுத்து அந்த இடத்தில் காட்டினேன், பக்கத்து வயர்களின் இன்சுலேஷன் உருகாத அளவுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் "போயிருச்சுண்ணே, ஜீரோ" என்றான். ஃபுஜைரா ரோட்டில் நடக்கிறது இதுதான். எஞ்சினுக்குப் பின்னால் சூடு தேங்குகிற இடம், வெளியே வெயில் 45-ஐத் தாண்டும், மலை ஏற்றத்தில் கியர்பாக்ஸும் கொதிக்கும்.

இருந்தாலும் இன்னொரு சோதனை பாக்கி. வயர் மட்டும்தானா, கூடவே வேறு ஏதாவது இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே. சொலினாய்டு அசெம்பிளியின் கனெக்டரையும் கழற்றிவிட்டேன், இப்போது அந்த வயர் இரண்டு முனையிலும் தனி. ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அதனோடு வரிசையாக வைத்து பேட்டரியில் கொடுத்தேன். மற்ற மூன்று வயரிலும் பல்பு பளிச்சென்று எரிந்தது, இந்த வயரில் மங்கல். வயரின் இரண்டு முனைக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் 2 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே தின்றுவிடுகிறது. நல்ல வயரில் இது அரை வோல்ட்டைக்கூடத் தொடாது. பல்பு வைத்துப் பார்க்கிற இந்தச் சோதனையை இரண்டு பக்கமும் கழற்றிய வயரில் மட்டும்தான் செய்ய வேண்டும், இசிஎம் மாட்டியிருக்கும்போது பல்பைக் கொண்டுபோய் அதன் பின்னில் வைத்தால் டிரைவர் போய்விடலாம், அப்புறம் அதற்கும் ஒரு கோடு வரும்.

ஹார்னஸின் டேப்பைப் பிரித்தால் உள்ளே இன்னொரு டேப். சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் டேப், பசை உருகி வழிந்து கையில் ஒட்டியது. அதைப் பிரித்தால் இரண்டு வயரை வெறுமனே முறுக்கிவிட்ட ஒரு ஜாயிண்ட். செம்பு என்று சொல்லவே முடியாத கறுப்பு, நடுவில் பச்சைக் களிம்பு. யாரோ எப்போதோ கியர்பாக்ஸ் இறக்கும்போது வயரை இழுத்து அறுத்துவிட்டு, அவசரத்தில் முறுக்கி, டேப் சுற்றி, அதன் மேல் ஒரிஜினல் மாதிரியே ஹார்னஸ் டேப்பையும் அழகாகச் சுற்றியிருக்கிறார்கள். அந்த அழகில்தான் எனக்குக் கோபம். மறைக்க எடுத்துக்கொண்ட சிரத்தையில் பாதியை ஜாயிண்டில் காட்டியிருந்தால் அடுத்தவன் மேனிஃபோல்டைக் கழற்றியிருக்க மாட்டான். இந்தக் கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து முறுக்கிய செம்புக்குள் மெல்லப் புகுந்துவிடும். குளிரில் ஒட்டிக்கொண்டிருக்கும், சூட்டில் விரியும், விலகும்.

சரிசெய்ய ஒரு சாண் வயர் கூடத் தேவைப்படவில்லை. பச்சை ஏறிய பகுதி முழுவதையும், செம்பு பளபளப்பாகத் தெரிகிற இடம் வரை இரண்டு பக்கமும் வெட்டி எறிந்தேன். களிம்பு இன்சுலேஷனுக்குள்ளேயே ஊர்ந்து கொஞ்ச தூரம் போயிருக்கும், பார்த்துக்கொண்டே வெட்ட வேண்டும். அதே தடிமனில் வயர் சேர்த்து, நெரித்துப் பிடிக்கிற கிரிம்ப் ஸ்லீவ் போட்டு, உள்ளே பசை இருக்கிற, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடினேன். சால்டர் வைக்கலாமா என்று ஒரு சண்டை எங்கள் தொழிலில் எப்போதும் உண்டு. எஞ்சின் மேல் அதிர்கிற இடத்தில் நான் வைப்பதில்லை. ஈயம் வயருக்குள் ஊறிப்போய் ஒரு பகுதியை விறைப்பாக்கிவிடும், அந்த விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்வில் ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டே வரும். ரேடியோவுக்கு, வண்டிக்குள்ளே இருக்கிற வயருக்கு சால்டர் தாராளமாக வைக்கட்டும். இரண்டு ஜாயிண்டும் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளிப் போட்டு, உடைந்துபோயிருந்த கிளிப்புக்குப் பதில் வேறு கிளிப் போட்டு, ஹார்னஸை உலோக முனையிலிருந்து விலக்கிக் கட்டினேன்.

போகிற போக்கில் ஒன்று. கனெக்டரின் முன்பக்கத்திலிருந்து மீட்டரின் தடிமனான முனையைக் குத்தி அளப்பதை யார் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. உள்ளே இருக்கிற பெண் பின் அகண்டுவிடும், பிறகு ஆண் பின் உள்ளே தளர்வாக ஆடும், இல்லாத கோளாறு ஒன்று அன்றைக்குப் பிறக்கும். பின்பக்கத்திலிருந்து மெல்லிய முனை விட்டுப் பாருங்கள், இல்லையென்றால் சரியான அளவு பின் வைத்த டெஸ்ட் லீட் செய்துகொள்ளுங்கள். வயரின் இன்சுலேஷனை ஊசியால் குத்தி அளப்பதும் இதே ரகம்தான், அந்த ஓட்டைக்குள் அடுத்த வருடம் பச்சை ஏறும்.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, வோல்ட்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் வைத்துப் பார்த்தேன். ஸ்கேனரில் ஒவ்வொரு சொலினாய்டையும் தனியாக இயக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. திரையில் 12 வோல்ட்டில் நேர்கோடு, உத்தரவு வந்ததும் தடாலென்று பூஜ்யம், விடும்போது காயிலின் காந்தம் சரிந்து மேலே ஒரு கூர்மையான ஈட்டி, பின் மெல்ல வளைந்து 12-க்குத் திரும்புகிறது. அந்த வளைவில் உள்ளே இருக்கும் பிளஞ்சர் திரும்பி வருகிற இடத்தில் ஒரு சின்னத் திமில் தெரியும், நன்றாகக் கவனித்தால்தான் தெரியும். நாலிலும் ஈட்டி ஒரே உயரம். காயிலில் போதுமான கரண்ட் ஓடாமல் இந்த ஈட்டி வராது, அதனால் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்புறம் ஹைவேயில் ஒரு நடை போய், ஸ்கேனரில் வி4, வி8 என்று மாறி மாறி வருவதை நல்ல சூட்டிலும் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.

காசு விஷயம் கொஞ்சம் இழுத்தது. "ஒரு துண்டு வயருக்கா அண்ணே இவ்வளவு?" என்றார். நியாயமான கேள்விதான், நானும் அவர் இடத்தில் இருந்தால் கேட்பேன். பார்ட் மாற்றினால் கையில் ஒரு பார்ட்டைக் கொடுத்து இதுதான் போச்சு என்று காட்டலாம், வயரில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? அந்தக் கறுத்த ஜாயிண்டை வெட்டி வைத்திருந்தேன், கையில் கொடுத்தேன். கழற்றிப்போட்ட முதல் அசெம்பிளியையும் கொண்டுவரச் சொல்லி மேசையில் வைத்து அளந்தேன், நாலு காயிலும் 13-ஐ ஒட்டியே காட்டின. "அப்ப இது நல்லாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கராஜ்காரனைத் திட்ட ஆரம்பித்தவர் நிறுத்த வெகுநேரம் ஆனது. பில்லைப் பற்றி அதற்கப்புறம் பேசவில்லை.

ஊரில் இருப்பவர்கள் இது வெளிநாட்டு வி8 சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகுன் வண்டிகளில் வந்த 1.5 டிஎஸ்ஐ எஞ்சினில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்கள் அணைகின்றன. அதில் லிஃப்டரை ஆயில் தள்ளும் கதை இல்லை, மேலே இருக்கிற எலக்ட்ரிக் ஆக்சுவேட்டர்கள் கேம்ஷாஃப்ட் மேல் உள்ள ஸ்லீவை நகர்த்தும். பார்ட் வேறு, கோடு எண்ணும் வேறாக இருக்கும். ஆனால் அங்கேயும் ஒரு காயில், ஒரு சப்ளை, ஒரு கண்ட்ரோல் வயர், ஒரு இசிஎம் பின். பக்கத்து ஆக்சுவேட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி அதில் இன்னும் சுலபம், எல்லாம் எஞ்சினுக்கு மேலேயே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

கிளம்பும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். ஸ்கேனர் செருகுகிற ஓபிடி சாக்கெட்டில் செருகிவிட்டால் சிலிண்டர் அணையாமல் எப்போதும் எட்டிலேயே ஓட வைக்கும் டிசேபிளர் என்று ஒன்று விற்கிறார்களே, அதை முதலிலேயே போட்டிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காதே என்று. விட்டுப்போன வயரை அது ஒட்டவைக்காது என்றேன். இசிஎம் ஏற்கனவே எட்டில்தான் ஓட்டிக்கொண்டிருந்தது, லைட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வயர் சரியான பிறகு அதைப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. லிஃப்டருக்குப் பயந்து போடுகிறவர்கள் நிறையப் பேர், அந்தப் பயத்தில் அர்த்தமும் இருக்கிறது. பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகும், வாரண்டி இருந்தால் வம்பு வரலாம், இவர் வண்டிக்கு வாரண்டி முடிந்து காலமாகிறது. ஆயிலை மட்டும் சொன்ன கிரேடில், சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாற்றுங்கள் என்றேன். "சரிண்ணே, யோசிக்கிறேன்" என்று போனார். டிசேபிளர் வாங்கவில்லை. கழற்றிப்போட்ட அந்த நல்ல அசெம்பிளியை, செகண்ட் ஹேண்ட் வாங்கிய அதே கடையில் கொடுத்துப் பாதிக் காசைத் திரும்ப வாங்கிவிட்டதாகப் பின்னால் போன் செய்து சொன்னார்.